ஆக்கிய மொழியில் உருவகம்: ஸ்ரீரங்கத்துப் பரிபாஷையை முன்வைத்து

ஸ்ரீரங்கத்தில் பெருமாள் வந்தாலும் எழுந்தருளினார், போனாலும் எழுந்தருளினார், ஓரிடத்தில் வீற்றிருந்தாலும் எழுந்தருளியிருக்கிறார். உண்டால் அமுது செய்தார், நீராடினால் திருமஞ்சனம் கண்டருளினார், உறங்கினால் கண்வளர்ந்தார். அவரைத் தோளில் சுமந்து வீதிவலம் வருகிறவர்களுக்கு ஸ்ரீபாதம்தாங்கிகள் என்று பெயர். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் 'சேவித்தேன்' என்பார். பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டு வீட்டில் குடியிருந்தாலும் அது திருமாளிகை. சொல்கிறவர் மூன்று மாடி கட்டியிருந்தாலும் அது அடியேன் குடிசை. சமையல் தளிகை, ரசம் சாற்றமுது, பாயசம் திருக்கண்ணமுது. பெரியவர் ஒருவர் காலமானால் திருநாட்டை அலங்கரித்தார். இந்தப் பேச்சுக்கு அவ்வூரார் வைத்திருக்கும் பெயர் பரிபாஷை.

மொழியை ஆக்கும் முயற்சிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பரிபாஷையே நினைவுக்கு வருகிறது. புதிதாக மொழி ஆக்குகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து தடுக்கி விழுகிறார்கள். எழுத்து, சொல், வேற்றுமை உருபு, கால இடைநிலை என எல்லாவற்றையும் மேசைமுன் உட்கார்ந்து வகுத்துவிடலாம். உருவகத்தையும் மரபுத்தொடரையும் என்ன செய்வது? தமிழில் ஒருவனுக்குக் கை நீளம் என்றால் அவன் திருடுவான், வாய் நீளம் என்றால் அளவுக்கு மீறிப் பேசுவான். நேற்று ஆக்கிய மொழியில் கை நீளம் என்றால் சட்டைக்கு அளவெடுத்ததாகத்தான் பொருள்படும். தாய்மொழியின் மரபுத்தொடர்களை அப்படியே பெயர்த்து வைத்தால் புது மொழி பழைய மொழியின் முகமூடியாகிவிடுகிறது. வைக்காமலே விட்டால் மருந்துச் சீட்டைப் போல வறண்டு கிடக்கிறது. புதிதாக ஒன்றைக் கற்பித்துச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு விளங்குவதில்லை.

இந்தக் கேள்வியைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிறந்த மொழிகளையே எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றுக்குப் பின்னால் வருகிறேன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பல நூற்றாண்டுகளாகப் பேசப்படும் ஓர் ஆக்கிய வழக்கு இதற்கு அவற்றைவிடத் தெளிவான விடை வைத்திருக்கிறது என்பது என் கருத்து.

உடனே ஒரு மறுப்பு எழும். பரிபாஷை தனி மொழியா என்ன? அதன் இலக்கணம் தமிழ் இலக்கணந்தானே? உண்மைதான். ஆனால் ஜெர்மனியில் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கன்னித்துறவி ஹில்டெகார்ட் ஆக்கிய 'அறியாத மொழி'யும் ஏறக்குறைய ஆயிரம் சொற்கள்தான். அவற்றுள் பெரும்பாலானவை பெயர்ச்சொற்கள். லத்தீன் வாக்கியத்துக்குள் பதித்து வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. உலகம் அதை ஆக்கிய மொழிகளின் வரலாற்றில் முன்வரிசையில் வைத்திருக்கிறது. அந்த அளவுகோலின்படி ஸ்ரீரங்கத்துக்கும் அங்கே இடம் உண்டு.

நம் இலக்கணத்துக்கும் இது புதிய செய்தியில்லை. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பிரிக்கிறது. ஒரு கூட்டத்தார் தமக்குள் பொருள் வைத்துப் பேசும் சொல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டுகள். சொல்விளம்பி என்பதை நின்று கவனிக்க வேண்டும். உள்ளே கிடக்கும் சொல்லையெல்லாம் வெளியே கொட்ட வைப்பது என்று கள்ளுக்குப் பெயர் வைத்த வேடன் ஒரு கவிஞன். கனடாவைச் சேர்ந்த சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட டோக்கி போனா என்னும் மொழியில் ஏறக்குறைய 120 சொற்களே உண்டு. அங்கே மதுவுக்கு 'டெலோ நாசா' என்பார்கள். கிறுக்குத் தண்ணீர் என்று பொருள். காலத்தாலும் கடலாலும் பிரிந்த இரண்டு கூட்டங்கள் ஒரே பொருளைப் பார்த்து, அது செய்யும் வேலையைக் கொண்டே பெயரிட்டிருக்கின்றன.

குழூஉக்குறிக்கும் பரிபாஷைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பறி, காரை, சொல்விளம்பி ஆகியவை ஒன்றுக்கொன்று உறவில்லாத தனித்தனிச் சொற்கள். ஸ்ரீரங்கத்துச் சொற்களோ ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பெருமாள் ஓர் அரசர், கோயில் அவர் குடியிருக்கும் அரண்மனை, பேசுகிறவன் அந்த அரண்மனையில் ஊழியம் செய்கிறவன். இந்த ஓர் உருவகத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானே வந்து வரிசையில் நிற்கும். கோயில் என்ற சொல்லே கோவின் இல். பெருமாள் என்பது அரசர்கள் பூண்ட பட்டம். அவர் கொலுவிருக்கும் இடம் ஆஸ்தானம், சபை கூடினால் திருவோலக்கம், கருவூலம் ஸ்ரீபண்டாரம். அரசர் வந்தார் போனார் என்று ஊழியக்காரன் சொல்ல முடியாது, ஆகவே எழுந்தருளினார். அரசர் முன் தன் வீட்டை வீடென்றும் சொல்லிக்கொள்ள முடியாது, ஆகவே குடிசை. வைணவர் பேச்சில் அடைமொழி எதுவுமின்றிக் கோயில் என்றால் ஸ்ரீரங்கம் ஒன்றுதான். திருமலை என்றால் திருப்பதி, பெருமாள் கோயில் என்றால் காஞ்சிபுரம்.

அருளப்பாடு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. மார்கழி அத்யயன உற்சவத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பெருமாள் சார்பில் அர்ச்சகர் உரத்த குரலில் ஆழ்வார்களையும் அரையர்களையும் ஊழியக்காரர்களையும் பெயர் சொல்லி அழைப்பார். அழைக்கப்பட்டவர் 'நாயிந்தே' என்று குரல் கொடுத்துவிட்டு முன்னே வருவார். தலைவனே, இதோ வந்தேன் என்பது பொருள். ஆழ்வார்கள் மறைந்து ஆயிரம் ஆண்டுக்கு மேலாகிறது. ஆனால் அவர்களுக்கும் இன்று அழைப்பு உண்டு, அவர்கள் விக்கிரகங்கள் முன்னே எழுந்தருளுவதும் உண்டு. அரசவை என்ற உருவகம் இங்கே வெறும் சொல்லாக நிற்கவில்லை. கூப்பிட்டால் ஒருவர் எழுந்து வருகிறார்.

இனி மடைப்பள்ளிக்குப் போவோம். சாற்றமுது, கறியமுது என்ற பேச்சை ஐயங்கார் வீட்டுப் பேச்சாக மட்டும் நினைப்பவர்கள் பலர். சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டினால் அந்த எண்ணம் மாறிவிடும். தஞ்சைப் பெரிய கோயில் உள்ளிட்ட சிவன் கோயில்களின் நிவந்தக் கல்வெட்டுகளிலும் நெய்யமுது, தயிரமுது, பருப்பமுது, கறியமுது, அடைக்காயமுது, இலையமுது என்று வரிசையாக வருகின்றன. வெற்றிலையும் பாக்கும்கூட அமுது! அதாவது இது தமிழ்நாட்டுக் கோயில்களின் பொது வழக்கு. சைவ வீடுகள் அதைக் கோயிலோடு விட்டுவிட்டன. வைணவ வீடுகள் அடுக்களைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டன.

கொண்டுவந்ததற்குக் காரணம் வழிபாட்டு முறையில் இருக்கிறது. வைணவ வீட்டில் சமைத்தது முதலில் பெருமாளுக்குப் போகும். அதற்குமுன் யாரும் உப்பு பார்க்கக்கூடாது, காரம் பார்க்கக்கூடாது. கண்டருளப்பண்ணிய பிறகுதான் வீட்டாருக்கு இலை போடுவார்கள். இதனால் அந்த வீட்டுக் குழம்பும் ரசமும் ஒருவர் உண்டு மிச்சம் வைத்தவை ஆகின்றன. அமுது என்ற உருவகம் நாள்தோறும் ஒரு செயலால் புதுப்பிக்கப்படுகிறது. தளிகை என்ற சொல்லும் இப்படி நகர்ந்து வந்ததுதான். உண்கலத்தைக் குறித்த சொல், கலத்தில் வைத்துப் படைக்கும் உணவுக்கு ஆகி, பிறகு அதைச் சமைக்கும் வேலைக்கும் ஆகிவிட்டது. 'தளிகை பண்ணியாச்சா?' என்று கேட்கிற பெண்ணுக்கு இந்த ஆகுபெயர் வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சடாரியின் கதை இன்னும் நுட்பமானது. வைணவக் கோயிலில் தீர்த்தம் சாதித்த பிறகு நம் தலையில் ஒரு சிறு கிரீடம்போல் வைத்து எடுக்கிறார்களே, அதன் மேல் இரண்டு பாதங்கள் பொறித்திருக்கும். பெருமாளின் திருவடிநிலை அது. அதற்குச் சடாரி, அதாவது சடகோபன் என்று நம்மாழ்வாரின் பெயரை வைத்திருக்கிறார்கள். 'உன் அடியில் கிடப்பேன்' என்று சொல்வது எந்த மொழியிலும் உள்ள பணிவுத் தொடர். இங்கே அப்படிச் சொன்னவரையே பாதமாக்கிவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் திருவடிநிலைக்கு இராமாநுசரின் பெயர். இராமாநுசரின் திருவடிநிலைக்கு அவர் சீடர் முதலியாண்டானின் பெயர். மணவாள மாமுனிகளின் திருவடிநிலைக்குப் பொன்னடியாம் செங்கமலம் என்று பெயர். அவர் சீடர் பொன்னடிக்கால் ஜீயரை நினைவூட்டுவது அது. 'முதலியாண்டான் சாதிக்க வேணும்' என்று இராமாநுசர் சந்நிதியில் ஒருவர் கேட்டால், அது ஓர் உருவகத்தைத் தலையில் வைக்கச் சொல்லிக் கேட்பதாகும். ஓர் உருவகத்துக்கு இலக்கணம் அமைத்து, அந்த இலக்கணத்தின்படி தலைமுறைதோறும் புதுச் சொல் பிறக்கச் செய்த இப்படி ஒரு ஏற்பாட்டை வேறெந்த ஆக்கிய மொழியிலும் நான் கண்டதில்லை.

பேச்சிலிருந்து எழுத்துக்கு வந்தால் மணிப்பிரவாளம். தமிழ் வாக்கியச் சட்டத்தில் வடசொற்களைக் கோத்து எழுதும் இந்த நடைக்கு 11ஆம் நூற்றாண்டு வீரசோழியத்திலேயே பெயர் இருக்கிறது. பெயரே உருவகம்; மணியையும் பவளத்தையும் கோத்த மாலை. எந்த மணி என்பதில் கேரளத்து இலக்கண நூலான லீலாதிலகம் கறாராக இருக்கிறது. மாணிக்கமும் பவளமும் இரண்டும் சிவப்பு. மாலையில் எது எது என்று கண் பிரித்தறியக் கூடாது. கலப்பு மொழிக்கு இதைவிட நல்ல அளவுகோல் சொல்ல முடியாது.

திருவாய்மொழிக்கு எழுந்த ஐந்து பேருரைகளையும் அளவால்தான் பெயரிட்டார்கள். 32 எழுத்து ஒரு படி. திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, வாதிகேசரி அழகிய மணவாள ஜீயரின் பன்னீராயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி ஆகியவை நான்கு. ஐந்தாவதான ஈடு முப்பத்தாறாயிரப்படி, ஸ்ரீரங்கத்தில் நம்பிள்ளை வாய்மொழியாகச் சொன்னதை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியது. வீதியின் பெயரே ஆசிரியரின் பெயராக நின்றுவிட்டது.

ஈட்டையும் அந்த மரபில் வந்த மற்ற நூல்களையும் வாசிக்கிறவர்கள் ஒன்றை விரைவில் உணர்வார்கள். வரையறை சொல்ல வேண்டிய இடத்தில் நடை வடமொழிப் பக்கம் சாய்கிறது. நெஞ்சில் இறங்க வேண்டிய இடம் வந்ததும் 'போலே' என்று முடியும் உவமை ஒன்று தமிழில் வந்து விழுகிறது. உவமைகள் எல்லாம் வயல், கிணற்றடி, தொழுவம், கல்யாண வீடு ஆகிய இடங்களிலிருந்து வருகின்றன. அடியாரின் குற்றத்தையும் விரும்பி ஏற்கும் அன்பு எப்படிப்பட்டது என்றால், ஈன்ற பசு கன்றின் உடம்பிலுள்ள அழுக்கை நாவால் நக்கி எடுக்கிறதே, அப்படி. ஞானியை இந்த உடம்போடேயே இறைவன் ஏன் விரும்புகிறான் என்றால், வாசனை வேரைத் தலையில் சூடுகிறவர்கள் அதில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடாமலே சூடுகிறார்களே, அதனால். நனைந்த வெட்டிவேரை ஒருமுறை முகர்ந்தவருக்கு இது உடனே புரியும். மண் போனால் மணத்திலும் பாதி போகும். சரணாகதியோடு வேறொரு வழியையும் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இலங்கையிலிருந்து பதில் வருகிறது. அனுமனைப் பிரம்மாஸ்திரத்தால் கட்டிய பிறகு அரக்கர்கள் சணல் கயிற்றாலும் சேர்த்துக் கட்டினார்கள். அஸ்திரம் கழன்று போயிற்று. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதும், பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போவதும் வடகலைக்கும் தென்கலைக்கும் இடையிலான வாதத்தையே தாங்கி நிற்கின்றன. மெய்யியல் வாதம் முழுதும் மறந்துபோனவர்களுக்கும் பூனையும் குரங்கும் மறக்கவில்லை.

கலைச்சொல்லை ஆக்குகிறவர்கள் இங்கே பாடம் கேட்கலாம். நம்பிள்ளை ஆக்கிய மொழியில் கலைச்சொல் கடன் வாங்கியது, உவமை உள்ளூர். அதை மாற்றி, உள்ளூர்ச் சொல்லால் அந்நிய உவமையைச் சொல்லியிருந்தால் அந்தக் கூட்டம் கலைந்துபோயிருக்கும். அவர் காலட்சேபத்துக்குத் திரண்ட கூட்டத்தைப் பார்த்து, இது நம்பெருமாள் கோஷ்டியா நம்பிள்ளை கோஷ்டியா என்று வியந்ததாக ஒரு மரபுக் கதை இருக்கிறது. பின்னாளில், 15ஆம் நூற்றாண்டில், மணவாள மாமுனிகள் அதே ஈட்டைப் பெருமாள் முன்னிலையில் ஓராண்டு முழுதும் சொன்னார் என்பதும் வைணவ மரபு.

உலகின் மற்ற ஆக்கிய மொழிகள் இதே சிக்கலை எப்படிச் சமாளித்தன? ஒரு வழி, உருவகத்துக்கு அடையாளச் சீட்டு ஒட்டுவது. இங்கிலாந்தின் ஜான் வில்கின்ஸ் 1668இல் வெளியிட்ட மெய்ம்மொழித் திட்டத்தில், ஒரு சொல்லை உருவகமாகக் கொள்க என்று காட்ட ஒரு தனிக்குறி வைத்தார். இன்றைய லோஜ்பான் என்னும் ஆக்கிய மொழியிலும் 'பெஆ' என்று ஒரு சிறுசொல் உண்டு. முன்னால் வந்தது நேர்ப்பொருள் கொண்டதல்ல என்று அது அறிவிக்கும். ஆங்கில மரபை அப்படியே பெயர்த்து எழுதினால் லோஜ்பான்காரர்கள் அதை 'மால்கிளிஷோ' என்று கடிந்துகொள்வார்கள். நேர்மையான ஏற்பாடு, மயக்கம் வராது. ஆனால் உருவகம் இதோ வருகிறது என்று தண்டோரா போட்டுவிட்டு வரும் உருவகத்துக்கு உயிர் குறைவு. 'கண்வளர்கிறார்' என்பதன்முன் ஒரு குறியை வைத்துப் பார்த்தால் அந்த மென்மை அப்போதே போய்விடும்.

இன்னொரு வழி எஸ்பெராண்டோவினுடையது. 1887இல் வார்சாவில் சாமன்ஹாஃப் 'டாக்டர் எஸ்பெராண்டோ', நம்பிக்கை கொண்டவர், என்ற புனைபெயரில் முதல் நூலை வெளியிட்டார். புனைபெயரே மொழியின் பெயராயிற்று. அவர் தந்தை பல மொழிப் பழமொழிகளை ஒப்பிட்டுத் தொகுத்திருந்தார். அதை வைத்து மகன் ஆக்கிய எஸ்பெராண்டோப் பழமொழித் தொகுப்பு 1910இல் வந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள், மேசையில் செய்தவை. ஆனால் எஸ்பெராண்டோவின் சொந்த மரபு என்று இன்று எல்லோரும் எடுத்துக்காட்டுவது வேறொரு சொல்லை. எஸ்பெராண்டோ பேசுகிறவர்கள் கூடிய இடத்தில் ஒருவர் தம் தாய்மொழியில் பேசத் தொடங்கினால் அவர் 'முதலை ஆகிறார்'. க்ரோகோடிலி என்ற அந்த வினைச்சொல்லை யார் முதலில் சொன்னது என்பதற்குப் பல கதைகள். கூட்டங்களில், பயணங்களில், சேர்ந்து சாப்பிட்ட இடங்களில் அது பிறந்தது. முன்பு தோன்றித் தோற்றுப்போன வோலாபூக் மொழியின் பெயரை வைத்துப் பிதற்றலை 'வோலாபூக் சமாசாரம்' என்பதும் அப்படித்தான். தொகுப்பில் வைத்த பழமொழியை முந்திக்கொண்டு நிற்கிறது, வாயில் பிறந்த வினை.

கிளிங்கனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மார்க் ஓக்ராண்ட் 1985இல் அகராதி வெளியிட்ட அந்தத் திரைப்பட மொழியில் உவமைகள் எல்லாம் போர்வீரர் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும் என்ற ஒழுங்கு உண்டு. ஸ்ரீரங்கத்து அரசவையைப் போல அங்கும் ஒரு வேர் இருப்பதால்தான் ரசிகர்கள் அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்துக் கதை கிளிக்கி. 2015இல் வந்த பாகுபலியில் காலகேயர்கள் பேசுவதற்காக மதன் கார்க்கி ஆக்கியது. சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் செய்யப்பட்டதாக அப்போது செய்தி வந்தது. மின் என்றால் நான், நிம் என்றால் நீ. ஒலியைத் திருப்பினால் பொருள் திரும்பும் இந்த உத்தி அழகானது. நானும் நீயும் ஒருவரையொருவர் பார்த்து நிற்பதை ஒலியே காட்டுகிறது. ஒரு தமிழ்ப் பாடலாசிரியர் இதைச் செய்தார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. பின்னர் 2020இல் எல்லோரும் கற்றுக்கொள்ளும்படி இணையத்திலும் வைத்தார்கள். கிளிக்கிக்கு இன்னும் கிடைக்காதது ஒரு தெரு. அந்த மொழியில் கோபித்துக்கொள்ளவும், சோறு கேட்கவும், இழவு சொல்லவும் ஒரு கூட்டம் வேண்டும். அது கிடைத்தால் கார்க்கி எழுதாத மரபுத்தொடர்கள் அதில் முளைக்கும்.

ஸ்ரீரங்கத்து மொழியில் ஆசாரியர்கள் ஆக்காத சொற்களும் உண்டு. இன்று எல்லோர் வாயிலும் வழங்கும் 'நம்பெருமாள்' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 1323இல் டில்லிப் படை வந்தபோது உற்சவமூர்த்தியான அழகிய மணவாளரை ஊரைவிட்டு எடுத்துச் சென்றார்கள். பல ஊர்களில் அலைந்து 48 ஆண்டு கழித்து 1371இல் விஜயநகரத் தளபதி கோப்பணார்யன் காலத்தில் அவர் திரும்பினார். அதற்குள் கோயிலில் வேறொரு மூர்த்தி இருந்தது. எது பழைய மூர்த்தி? ஸ்ரீரங்கக் கோயிலின் வரலாறு சொல்லும் கோயிலொழுகு வழிவந்த மரபு சொல்வது இது: முந்தைய காலத்தில் பெருமாளின் ஈர ஆடையைத் துவைத்துக்கொடுத்த வண்ணார் ஒருவர், ஈரங்கொல்லி, கண்ணிழந்த முதுமையில் உயிரோடு இருந்தார். இரண்டு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து ஈர ஆடையின் நீரை அவருக்குக் கொடுத்தார்கள். வாயில் வைத்தவர், பழகிய மணத்தை அறிந்து, இவரே நம்பெருமாள் என்று கூவினார்.

வேதாந்தம் அறிந்தவர்கள் சூட்டிய அழகிய மணவாளன் என்னும் பெயர் பின்னால் போயிற்று. வண்ணார் கூவிய பெயர் முன்னே வந்தது. ஈரவாடைத் தீர்த்தம் என்பதும் வழக்காயிற்று. பெருமாள் என்பது அரசனைக் குறிக்கும் சொல். 'நம்' என்று ஒன்றைச் சேர்த்ததும் அரசன் வீட்டு மனிதராகிவிட்டார். இந்தத் துணிவு ஆக்கியவர்களுக்கு வந்திருக்காது. துணி துவைத்த கைக்குத்தான் வந்தது.

ஆக்கிய சொல் உயிர்பெற்றதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றே. அது தேய்ந்திருக்கிறதா? எழுந்தருளு என்பது ஸ்ரீரங்கத்து வாயில் 'ஏளு' ஆகிவிட்டது. 'பெருமாள் ஏளியாச்சா?', 'பல்லக்குல ஏளப்பண்றா' என்று வீதியில் சொல்கிறார்கள். சாற்றமுது சாத்தமுது ஆயிற்று. தேய்மானத்தைப் பிழையென்று நினைக்கக் கூடாது. படிக்கட்டு தேய்ந்திருந்தால் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று அர்த்தம்.

இதே சோதனையைத் திருச்சியின் தெருவிலும் செய்து பார்க்கலாம். பெயர்ப்பலகையில் சத்திரம் பேருந்து நிலையம் என்றிருக்கும். பேருந்து அழகான ஆக்கம், எழுத்தில் முழுதாக நிலைத்துவிட்டது. ஆனால் பேச்சில் மரபுத்தொடர்கள் எல்லாம் பஸ்ஸோடும் வண்டியோடும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'பஸ்ஸை விட்டுட்டேன்' என்போம். பிழைப்பைக் கேட்டால் 'ஏதோ வண்டி ஓடுது' என்போம். சென்னையிலிருந்து மலைக்கோட்டையில் வந்தேன் என்றால் ரயில். சத்திரத்தில் இறங்கு என்றால் பஸ் நிலையம். இவற்றை எந்தக் குழுவும் கூடி ஆக்கவில்லை. கணினித் துறையில் ஆக்கிய சொற்களில் 'சுட்டி' நின்றது, 'சுண்டெலி' நிற்கவில்லை. ஆங்கிலக்காரனின் கண்ணுக்கு எலியாகத் தெரிந்ததை நாமும் எலியாகப் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. சுட்டுவது நம் கைக்குப் பழகிய வேலை. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தந்த 'இணையம்' தமிழ் வினையிலிருந்து எழுந்ததால் இணையவழி, இணையதளம், இணையவெளி என்று கிளைவிட்டது. வேர் வினையில் இருந்தால் கிளை வரும்.

பரிபாஷையைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையைச் சொல்லாமல் போவது சரியாகாது. இந்த வழக்கு ஒரு சாதியின் வேலியாகவும் நின்றிருக்கிறது. சாத்தமுது என்று சொல்லத் தெரிந்தவர் உள்ளே, ரசம் என்றவர் வெளியே என்ற பிரிவினையை ஒரு சொல்லே செய்திருக்கிறது. கல்வெட்டில் பொதுவாக இருந்தது வீட்டுக்குள் வந்ததும் சுருங்கிற்று. வண்ணார் தந்த சொல்லைப் போற்றி வைத்துக்கொண்டவர்கள், தம் சொல்லை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அரசனும் ஊழியனும் என்ற ஒற்றை உருவகத்தில் சமமானவர்கள் பேசிக்கொள்ள இடமும் குறைவு. அடியேன் என்று எல்லோரும் சொல்லிக்கொள்வதால் அந்தக் குறை நிரம்பிவிடும் என்பார் உண்டு. நான் அதை முழுமையாக ஏற்கவில்லை.

உள்ளே இருப்பவர்களிடமும் இது மெலிந்து வருகிறது. வடக்கு உத்திர வீதியில் ஒரு வீட்டில் சில ஆண்டுகளுக்குமுன் சாப்பிட உட்கார்ந்தேன். எண்பதைத் தாண்டிய பாட்டி என் இலைக்கு எதிரே பாத்திரத்தோடு நின்று, "இன்னும் கொஞ்சம் சாத்தமுது சாதிக்கட்டுமா?" என்று கேட்டார். எனக்கு உடனே விளங்காமல் நிமிர்ந்து பார்த்தேன். கல்லூரியில் படிக்கும் பேத்தி உதவிக்கு வந்தாள். "பாட்டி, மாமாக்கு இன்னும் கொஞ்சம் சாத்தமுது போடு." சாத்தமுது அப்படியே இருந்தது. சாதிப்பது போய்ப் போடுவது வந்துவிட்டது. ஒரே கரண்டி ரசம், இரண்டு தலைமுறை. பெயர்ச்சொல் தங்கிவிடுகிறது, அதைத் தூக்கி நடத்திய வினைச்சொல் முதலில் விடைபெறுகிறது. பிற நாடுகளுக்குப் போன குடும்பங்களில் திருக்கண்ணமுது என்ற சொல் பண்டிகைக்குப் பண்டிகை வருகிறது. கண்டருளப்பண்ணு என்பதைக் கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். பெயர் மட்டும் மிஞ்சினால் அது ஹில்டெகார்ட்டின் பட்டியல்போல் ஆகிவிடும்.

ஆகவே ஸ்ரீரங்கத்தில், திருவெள்ளறையில், உறையூரில் வீட்டில் மூத்தவர்கள் இருக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தளிகை நடக்கும்போதும், இலை போடும்போதும், பெருமாள் வாசலுக்கு எழுந்தருளும்போதும் அவர்கள் பேசுவதைக் கைபேசியில் பதிந்துவையுங்கள். சொற்களை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளாமல் முழு வாக்கியமாகப் பதியுங்கள். ஸ்ரீபாதம்தாங்கிகளிடமும், மடைப்பள்ளியில் வேலை செய்கிறவர்களிடமும், பூக்கட்டுகிறவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் வாயில் தேய்ந்த வடிவங்கள் எந்த நூலிலும் இல்லை. திருச்சியில் தமிழ்த்துறை உள்ள கல்லூரிகள் பல இருக்கின்றன. ஒரு துறை இதை எடுத்துக்கொண்டு, எல்லாச் சாதி மாணவரையும் அனுப்பி, வினைச்சொல்லை முதலில் வைத்து ஓர் அகராதி செய்யட்டும். அதன் முதல் சொல் 'ஏளு' என்று இருந்தால் நான் மகிழ்வேன்.